லைஃப் ஜாக்கெட் விளக்குக்கு அங்கீகாரம் வாங்குவது எப்படி?

தம்பி சிங்கப்பூரின் ஊபியில் சின்னதாக ஒரு மின்னணு நிறுவனம் நடத்துகிறார். லைஃப் ஜாக்கெட்டில் மாட்டும் எல்இடி விளக்கு ஒன்றையும், தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் லைஃப்பாய் வளையத்தோடு கட்டும் விளக்கு ஒன்றையும் வடிவமைத்து மாதிரியும் செய்துவிட்டார். அசெம்பிளியை ஜோகூரில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். அவர் கேட்பது: "அண்ணா, இதற்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்? ஐபி68 சோதனை அறிக்கையும் சிஇ சான்றிதழும் கையில் இருக்கின்றன. போதுமா?"

போதாது. இரண்டு அறிக்கைகளும் வேறு காரியத்துக்கானவை. ஐபி68 என்பது உறைக்குள் தூசியும் தண்ணீரும் புகாது என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஐரோப்பியச் சந்தையில் பொதுவாகப் பொருள்களை விற்பதற்கான சிஇ முத்திரையைக் கப்பல் சர்வேயரிடம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். சிங்கப்பூரின் சேஃப்டி மார்க்கும் உங்களுக்கு உதவாது, அது வீட்டில் புழங்கும் மின்பொருள்களுக்கு.

படிவத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கீகாரம் என்பது உங்கள் மேசையில் இருக்கும் விளக்குக்குக் கிடைப்பதில்லை. வரைபடம், பாகங்களின் பட்டியல், பேட்டரியின் மாடல் எண், தயாரிக்கும் தொழிற்சாலை, இவை எல்லாம் சேர்ந்த ஒரு வடிவத்துக்குக் கிடைப்பது. அதனால்தான் 'டைப் அப்ரூவல்' என்கிறார்கள். வடிவம் முடிவாகாமல் சோதனைக்கு அனுப்பினால் அந்தப் பணம் ஆற்றில் கரைத்த புளிதான். கீழே நான் சொல்வதில் பாதி இந்த ஒரு விஷயத்தையே சுற்றி வரும்.

முதலில், யார் அங்கீகரிக்கிறார்கள்? கப்பல்களில் இருக்க வேண்டிய உயிர்காப்புச் சாதனங்களைச் சொல்வது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சோலாஸின் மூன்றாம் அத்தியாயம். அந்தச் சாதனம் எப்படி இருக்க வேண்டும் என்பதை பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் எல்எஸ்ஏ கோட், அதாவது உயிர்காப்புச் சாதன விதித்தொகுப்பு, சொல்கிறது. அது 1998 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது என்பதற்கு எம்எஸ்சி.81(70) என்ற தீர்மானம். அங்கீகரிக்கும் பொறுப்பு, கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் நிர்வாகத்துக்கு. சிங்கப்பூர்க் கொடி என்றால் அது கடல்துறை, துறைமுக ஆணையம், நாம் எல்லாரும் சொல்கிற எம்பிஏ. ஆனால் சான்றிதழ் வேலையில் பெரும்பகுதியை எம்பிஏ தானே செய்வதில்லை. தான் அங்கீகரித்த கிளாஸ் சொசைட்டிகளிடம், அதாவது கப்பல்களையும் அவற்றின் சாதனங்களையும் பரிசோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளிடம், ஒப்படைத்திருக்கிறது. லாயிட்ஸ் ரெஜிஸ்டர், டிஎன்வி, பீரோ வெரிட்டாஸ், ஏபிஎஸ், கிளாஸ்என்கே எல்லாம் அந்த வரிசையில் வருபவை, எல்லாவற்றுக்கும் இங்கேயே அலுவலகம் உண்டு. ஆகவே நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு எம்பிஏயுடையது அல்ல, இவர்களில் ஒருவருடையது. எம்பிஏ வெளியிடும் கப்பல்துறைச் சுற்றறிக்கைகளைப் படித்துவிட்டு, உங்கள் சாதனத்தின் பெயரைச் சொல்லி, எந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒரு மின்னஞ்சல் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தில் வந்த பதில் பின்னால் வாடிக்கையாளரிடம் பேசும்போது உங்களுக்குப் பலம்.

அடுத்தது, யாருக்கு விற்கப்போகிறீர்கள்? பெஞ்சூருவிலோ பாண்டானிலோ கிடங்கு வைத்து, கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஷிப் சாண்ட்லர் ஒருவரிடம் உங்கள் விளக்கைக் காட்டுங்கள். அவர் முதலில் கேட்பது "வீல்மார்க் இருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். ஏனென்றால் இங்கே வந்து சாமான் ஏற்றும் கப்பல்களில் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள், ஹாங்காங் என்று பல கொடிகள் பறக்கின்றன. கொடிக்கு ஒரு விளக்கு என்று அவரால் இருப்பு வைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல் சாதன உத்தரவு, 2014/90/இயூ, ஐரோப்பியக் கொடிக் கப்பல்களுக்கு மட்டுமே கட்டாயம். ஆனாலும் அதன் கீழ் வரும் கப்பல் சுக்கான் சக்கர முத்திரையான வீல்மார்க்கை வேறு பல கொடி நாடுகளும் ஏற்றுக்கொள்வதால் அதுவே சந்தையின் பொதுமொழி ஆகிவிட்டது. என் யோசனை: ஒரே சொசைட்டியிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களுடைய டைப் அப்ரூவல் ஒன்று, அவர்களுடைய ஐரோப்பியக் கிளை வழியாக வீல்மார்க்குக்கான வடிவச் சான்றிதழ் ('மாட்யூல் பி') ஒன்று. சோதனை ஒரு தடவைதான், காகிதம் இரண்டு. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகு அதற்குத் தனி முத்திரை வந்துவிட்டது, அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கு எப்போதுமே தனி வழி. அந்த இரண்டையும் ஆர்டர் வந்த பிறகு பார்க்கலாம், இப்போது தொடாதீர்கள்.

இனி எண்களுக்கு வருவோம். மாதிரி தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

லைஃப் ஜாக்கெட் விளக்கு வெள்ளை நிறத்தில், மேல் அரைக்கோளத்தின் எல்லாத் திசைகளிலும் குறைந்தது 0.75 கேண்டெலா ஒளிச்செறிவோடு, குறைந்தது 8 மணி நேரம் எரிய வேண்டும். லைஃப்பாயின் தானியங்கு விளக்குக்கு 2 கேண்டெலா, 2 மணி நேரம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆபத்தில் ஏறித் தப்பிக்கும் மிதவையான லைஃப்ராஃப்ட்டின் கூரை விளக்குக்கு 4.3 கேண்டெலா, 12 மணி நேரம். இந்த 4.3 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கப்பல் மோதல் தவிர்ப்பு விதிகளின் முதல் இணைப்பில் ஒரு சூத்திரம் இருக்கிறது. தெளிவான இரவில் இரண்டு கடல் மைல் தூரத்தில் தெரிவதற்கு அந்தச் சூத்திரம் தரும் அளவு 4.3. அதே கணக்கில் 2 கேண்டெலா ஏறக்குறைய ஒன்றரை மைல், 0.75 கேண்டெலா ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே உங்கள் விளக்கு ஒரு மனிதனைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மைல் ஆரமுள்ள வட்டத்தை உண்டாக்குகிறது. அலைக்கு நடுவே தலை மட்டும் தெரியும் ஒருவருக்கு அந்த வட்டம்தான் உயிர். இந்த எண்ணை எந்தச் சூழ்நிலையிலும் குறைத்துப் பேச மாட்டேன் என்று முடிவெடுத்த பிறகு இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.

'எல்லாத் திசைகளிலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்இடி வாங்கும்போது டேட்டாஷீட்டில் பெரிய கேண்டெலா எண் ஒன்று போட்டிருப்பார்கள். அது நேர் எதிரே நின்று பார்க்கும்போது கிடைப்பது. சோதனைக் கூடத்தில் விளக்கைச் சுழல்மேசையில் வைத்து, ஒளிமானியை அதன் மையத்தின் மட்டத்தில் நிறுத்தி, 360 டிகிரியும் சுற்றவிட்டு இடைவிடாமல் பதிவு செய்கிறார்கள். அந்தக் கிடையான கோணத்தில்தான் லென்ஸின் விளிம்பும் பிளாஸ்டிக் மூடியின் உதடும் ஒளியை மறைக்கும். மேலே பார்த்தால் கண் கூசும், பக்கவாட்டில் 0.4கூட வராது. அவர்கள் எடுத்துக்கொள்வது சராசரியை அல்ல, கிடைத்ததிலேயே குறைந்த அளவை. கூடத்துக்கு அனுப்புவதற்கு முன் நீங்களே ஒரு இருட்டறையில் ஒரு சாதாரண லக்ஸ் மீட்டரை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து விளக்கைச் சுற்றிப் பாருங்கள். ஒரு மீட்டரில் லக்ஸும் கேண்டெலாவும் ஒரே எண். எந்தத் திசையிலாவது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் வடிவத்தைத் திருத்துங்கள். 0.75இல் தட்டுத்தடுமாறி நிற்கும் விளக்கை அனுப்பாதீர்கள்.

மினுக்கும் விளக்காக வைக்கலாம், நிமிடத்துக்கு 50 முதல் 70 மினுக்கு வரை. சிலர் 'பளீரென்று தெரியட்டும்' என்று 120 வைப்பார்கள், அது உடனே தள்ளுபடி. இதில் இன்னொரு பொறி இருக்கிறது: மினுக்கு விளக்குக்கு உச்ச ஒளியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பயனுறு ஒளிச்செறிவை எடுப்பார்கள். மினுக்கு 0.3 வினாடிக்குக் குறைவாக இருந்தால், ஒளியையும் நேரத்தையும் பெருக்கி, அந்த நேரத்தோடு 0.2 வினாடியைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். உங்கள் விளக்கு 2 கேண்டெலாவில் 0.1 வினாடி மினுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.2ஐ 0.3ஆல் வகுத்தால் 0.67. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த விளக்கு, காகிதத்தில் தோற்றுவிட்டது. மினுக்கு நேரத்தை 0.3 வினாடிக்கு நீட்டினால் அதை நிலையான விளக்குபோலவே அளக்கலாம், ஆனால் பேட்டரி அதிகம் தின்னும். இந்த இழுபறியைத் தீர்ப்பதுதான் உங்கள் சர்க்யூட் வேலையின் சாரம். நிறத்தையும் பாருங்கள். மலிவான எல்இடிகளின் வெள்ளை சில சமயம் நீலம் பாய்ந்து, நிறங்களை எண்ணால் குறிக்கும் சிஐஇ நிறவரைபடத்தில் வெள்ளைக்கென்று வரையறுத்த எல்லையைத் தாண்டிவிடும்.

அப்புறம் குளிர். நம் ஊர்க் கடல் வருஷம் முழுக்க 28, 30 டிகிரி. அதனால் இங்கே வடிவமைக்கிறவர்கள் குளிரைப் பற்றி யோசிப்பதே இல்லை. விதியோ கடல்நீர் -1 முதல் +30 டிகிரி செல்சியஸ் வரை என்கிறது, வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் -30 முதல் +65 வரை. விளக்குகளை முதலில் 8 மணி நேரம் 65 டிகிரியில், பிறகு சாதாரண அறையில், மறுநாள் 8 மணி நேரம் மைனஸ் 30இல் என்று பத்துச் சுற்று மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பிறகு மைனஸ் 30இலிருந்து எடுத்த விளக்கு நேராக மைனஸ் 1 டிகிரி உப்புத் தண்ணீருக்குள் போகிறது. உப்பு இருப்பதால் தண்ணீர் உறையாது, ஆனால் கையை வைத்தால் வலிக்கும். அங்கே பேட்டரியின் வோல்டேஜை 8 மணி நேரமும் பதிவு செய்துகொண்டே இருப்பார்கள். முதல் மூன்று, நான்கு மணி நேரம் கோடு படுத்த படுக்கையாக இருக்கும். ஆறாவது மணிக்குமேல் ஆல்கலைன் செல் என்றால் கோடு சரியத் தொடங்கும். கடைசியில் எது மிகக் குறைந்த வோல்டேஜோ, அந்த வோல்டேஜில்தான் ஒளியை அளப்பார்கள். புதுப் பேட்டரியில் எடுத்த எண்ணை நம்பி வந்தவர் முகம் வாடுவது அப்போதுதான். 65 டிகிரி மட்டும் நமக்குப் பழக்கமானது. தளத்தில் வெயிலில் கிடக்கும் லைஃப் ஜாக்கெட் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த எண் மிகையாகத் தோன்றாது.

தண்ணீர் பட்டதும் தானே எரியும் வகை என்றால் உப்புநீரில் மட்டும் அல்ல, நன்னீரிலும் எரிகிறதா என்று பார்ப்பார்கள். நன்னீரில் மின்கடத்தும் திறன் குறைவு, உங்கள் சென்சார் அதைத் 'தண்ணீர் இல்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கம், நம் ஊர் ஈரப்பதத்தில் பெட்டிக்குள்ளேயே எரிந்து பேட்டரியைத் தீர்த்துவிடவும் கூடாது. லைஃப்பாய் விளக்குக்கு இதோடு விழுதல் சோதனையும் உண்டு: வளையத்தோடு சேர்த்து 30 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரில் போடுவார்கள், கப்பலில் அது மாட்டியிருக்கும் உயரம் அதைவிட அதிகம் என்றால் அந்த உயரத்திலிருந்து. ஏறக்குறைய பத்து மாடி. தண்ணீர் அந்த வேகத்தில் மெத்தையாக இருக்காது. பேட்டரியின் ஸ்பிரிங் தொடர்பு ஒரு கணம் விட்டால் போதும், கதை முடிந்தது. எண்ணெய்க் கப்பல்களுக்கு என்றால் லைஃப்பாய் விளக்கு மின்கல வகையாகவே இருக்க வேண்டும் என்று சோலாஸ் சொல்கிறது, அது உங்களுக்குச் சாதகம்.

சோதனைக் கூடம், கூடங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் உள்ளதாக இருக்க வேண்டும். இங்கே அந்த அங்கீகாரத்தைத் தருவது சிங்கப்பூர் அங்கீகார மன்றம். ஆனால் அங்கீகாரம் உள்ள கூடம் என்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். சோதனைத் திட்டத்தைச் சொசைட்டியிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். எந்தச் சோதனையைச் சர்வேயர் நேரில் நின்று பார்க்க வேண்டும் என்பதை அதில் எழுதிவிடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் வெளிநாட்டில் மலிவாகச் சோதனை முடித்து, தடிமனான அறிக்கையோடு வந்து, "யார் பார்த்தது?" என்ற ஒற்றைக் கேள்வியில் எல்லாவற்றையும் திரும்பச் செய்தவர்களை எனக்குத் தெரியும். அறிக்கையின் வடிவத்துக்கும் ஐஎம்ஓ மாதிரிப் படிவங்கள் வைத்திருக்கிறது. தனிநபர் உயிர்காப்புச் சாதனங்களுக்கு எம்எஸ்சி.1/சுற்றறிக்கை 1628ஐப் பாருங்கள். அந்தப் படிவத்தை முதல் நாளே அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் விளக்கால் என்ன எழுத முடியும் என்று நிரப்பிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை.

இப்போது ஜோகூர். மாட்யூல் பி சான்றிதழ் வடிவத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சக்கர முத்திரையைப் போட முடியாது. தயாரிப்பையும் யாராவது மேற்பார்க்க வேண்டும்: மாட்யூல் டி என்றால் தொழிற்சாலையின் தயாரிப்புத் தரமுறை முழுவதும், இ என்றால் இறுதிப் பரிசோதனை முறை, எஃப் என்றால் ஒவ்வொரு பேட்சையும் வந்து சோதிப்பது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு சிறு பேட்ச் மட்டும் என்றால் எஃப் வழியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தொடர்ந்து செய்வதென்றால் டி. எதுவானாலும் ஆடிட்டர் போகப்போவது ஊபி அலுவலகத்துக்கு அல்ல, ஜோகூர்த் தொழிற்சாலைக்கு. அங்கே சாலிடரிங் செய்யும் இடத்தில் வேலைக்குறிப்பு இருக்கிறதா, வந்த எல்இடிகளைப் பேட்ச் எண்ணோடு பதிகிறார்களா, ஓ-ரிங்கில் கிரீஸ் போட்டதை யார் கையெழுத்திட்டார்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒப்பந்தத் தொழிற்சாலைக்காரர் "எங்களுக்கு ஐஎஸ்ஓ 9001 இருக்கிறதே" என்பார். அது தொடக்கம் மட்டுமே. ஆடிட்டருக்கு உள்ளே வர உரிமை, முன்னறிவிப்பு இல்லாமல் பாகங்களை மாற்றக்கூடாது என்ற நிபந்தனை, இரண்டையும் அவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உங்கள் சார்பில் ஒரு அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியையும் நியமிக்க வேண்டும், இதைப் பலர் கடைசி வாரத்தில்தான் நினைவுகூர்கிறார்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது சான்றிதழ் வந்த பிறகு நடப்பதைப் பற்றி. ஆறு மாதம் கழித்துப் பர்ச்சேஸிங் பார்ப்பவர் வந்து, "அதே அளவு செல், வேறு பிராண்ட், பாதி விலை" என்பார். அல்லது எல்இடி தயாரிப்பாளர் அந்த மாடலை நிறுத்திவிட்டு 'இது அதற்குச் சமம்' என்று வேறொன்றை அனுப்புவார். அறை வெப்பத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எரியும். மைனஸ் ஒன்றில் எட்டாவது மணி நேரத்தில் என்ன ஆகும் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கணத்தில் உங்கள் விளக்கு அங்கீகாரம் பெற்ற வடிவம் அல்ல, முத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது. சட்டப்படி தவறு என்பது ஒருபுறம், அதை நம்பி நெஞ்சில் மாட்டிக்கொள்பவர் நம் துவாஸ் தொழிலாளியாக இருக்கலாம், பாத்தாமுக்குப் போகும் படகின் பணியாளராக இருக்கலாம். மாற்றம் வந்தால் சொசைட்டிக்கு எழுதுங்கள். எல்லா மாற்றத்துக்கும் முழுச் சோதனை கேட்க மாட்டார்கள், சிலவற்றுக்குக் கடிதமே போதும், சிலவற்றுக்கு ஒன்றிரண்டு சோதனை. இதைவிட நல்ல வழி, தொடக்கத்திலேயே இரண்டு பிராண்ட் பேட்டரிகளையும் சோதித்து இரண்டையும் சான்றிதழில் சேர்த்துக்கொள்வது. மாதிரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பின்னால் நிம்மதி.

முத்திரை விஷயத்தில்: சக்கரத்துக்குப் பக்கத்தில் தயாரிப்பை மேற்பார்க்கும் அமைப்பின் நான்கு இலக்க எண்ணும், முத்திரை போட்ட ஆண்டும் வர வேண்டும். காலாவதித் தேதி தனியாக, படிக்கும்படியாக. பேட்டரி கெட்டுப்போகும் பொருள் என்பதால் இந்தத் தேதி இல்லாமல் அங்கீகாரம் வராது. தேதியை ஸ்டிக்கரில் அடித்தால் உப்புக்காற்றில் எழுத்து கரைந்துவிடும், உறையிலேயே பொறியுங்கள் அல்லது லேசரில் அடியுங்கள். லைஃப் ஜாக்கெட்டைச் சர்வீஸுக்கு எடுப்பவர் முதலில் தேடுவது இந்தத் தேதியைத்தான்.

சில்லறை விஷயங்கள் சில. லித்தியம் செல் என்றால், அவற்றைப் பாதுகாப்பாக ஏற்றிச்செல்வதற்கான யூஎன் 38.3 சோதனை அறிக்கை இல்லாமல் விமானத்திலோ கப்பலிலோ சரக்காக ஏற்ற மாட்டார்கள். விளக்கோடு ஏஐஎஸ் (இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் கருவி) அல்லது வேறு ரேடியோ சேர்த்தால், சிங்கப்பூரில் ரேடியோ சாதனங்களைக் கவனிக்கும் ஐஎம்டிஏவின் பதிவு தனியாக வரும், முதல் மாடலில் அந்த ஆசை வேண்டாம். உள்ளூர் உல்லாசப் படகுகளும் துறைமுகப் படகுகளும் எம்பிஏயின் வேறு உரிம விதிகளுக்குள் வருபவை. அவற்றுக்கு மட்டும் விற்பது என்றால் எவ்வளவு தேவை என்று அந்த விதிகளைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சந்தை மட்டும் உங்கள் செலவுக்குத் தாங்குமா என்று நான் சந்தேகப்படுகிறேன்.

செலவை நான் இங்கே எண்ணாகச் சொல்லப்போவதில்லை, மேற்கோள் கேட்டால் சொசைட்டிக்குச் சொசைட்டி மாறும். ஆனால் எதில் போகும் என்று சொல்லலாம்: சோதனைக் கூடம், சர்வேயரின் நேரம், தொழிற்சாலை ஆடிட், இவற்றுக்குமேல் தோற்றுத் திரும்பச் செய்வது. நீங்கள் கட்டுப்படுத்தக்கூடியது அந்தக் கடைசி ஒன்றைத்தான். குறைந்தது இரண்டு சொசைட்டிகளிடம் மேற்கோள் வாங்குங்கள். அந்த முதல் சந்திப்புக்குப் போகும்போது விளக்கோடு வரைபடத்தின் திருத்த எண், பாகங்கள் பட்டியல், பேட்டரி டேட்டாஷீட், தொழிற்சாலையின் முகவரி, நீங்களே இருட்டறையில் எடுத்த அளவுகள், ஒரு ஃப்ரீஸரும் உப்புத் தண்ணீரும் வைத்து 8 மணி நேரம் ஓட்டிய வோல்டேஜ் பதிவு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். அந்தப் பதிவு இன்னும் கையில் இல்லை என்றால் சந்திப்பை ஒரு வாரம் தள்ளிவைத்து அதை முடித்துவிட்டுப் போங்கள்.